மேல் இலையா, கீழ் இலையா?

அந்தமானில், குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை. அத்தான் வைத்த மரம். அவர் போன பிறகு அக்கா அதில் யாரையும் கை வைக்க விட்டதில்லை.

ஒருமுறை போனபோது இலைகள் மஞ்சளாகக் கிடந்தன. "சத்துக் குறைச்சல்" என்று தீர்ப்புச் சொன்னேன். அக்காவைச் சம்மதிக்க வைத்து, யூரியா வாங்கிப் போட்டேன். பழுத்த இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்தேன். நுனியில் தளதளவென்று துளிர் வந்தது. கீழே இன்னும் மஞ்சள். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

பிறகு ஒரு வேளாண் கையேட்டை மொழிபெயர்க்க நேர்ந்தது. 'முதிர்ந்த இலை', 'இளம் இலை' என்று பக்கத்துக்குப் பக்கம். சலிப்பில் வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் விஷயமே அதில்தான் இருந்தது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுக்கிறது. எனவே கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு, துத்தநாகம் எளிதில் நகராது. அந்தக் குறை துளிரிலேயே தெரியும்.

அக்கா வீட்டு மரத்தில் கீழ் இலைகள்தான் மஞ்சள். காம்பை ஒட்டி மட்டும் பச்சை முக்கோணம். எலுமிச்சை இனத்தில் அது மக்னீசியக் குறையின் அடையாளம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் தீவில், அமில மண்ணிலிருந்து அது கரைந்து போவதில் வியப்பில்லை. நான் போட்ட யூரியா துளிரைக் கிளப்பித் தேவையைக் கூட்டியிருந்தது. மரம் எடுத்துக்கொண்டிருந்த கையிருப்பையோ நானே கிள்ளி எறிந்திருந்தேன்.

மருந்து மக்னீசியம் சல்பேட். நம் பேதி உப்பேதான். லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையில் தெளிக்கச் சொன்னேன். "மரத்துக்குப் பேதியாடா?" என்றாள் அக்கா. ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

கவாத்துக்குத்தான் இழுபறி. (போலீஸ் அணிவகுப்புப் பயிற்சிக்கும் அதே சொல். மரத்தையும் வரிசையில் நிறுத்துகிறோம் போலும்.) மழை ஓய்ந்த பிப்ரவரியில், காய்ந்த குச்சிகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், நெட்டுக்குத்தாக எழுந்த முள் போத்துகள் இவற்றை மட்டும் வெட்டினோம். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் அனுமதி கேட்டேன். அத்தான் கயிறு கட்டி வளைத்த ஒரு கிளையை மட்டும் விடச் சொன்னாள். உரசத்தான் செய்கிறது. விட்டுவிட்டேன்.

போன மாதம் போன் வந்தது. "மறுபடி மஞ்சளாயிருக்குடா."

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "இந்தத் தடவை மேல் இலை."