பனடோல் இரண்டு குடித்துவிட்டு வகுப்புக்குப் போன கதை



புலமைப்பரிசில் பெறுபேறு வந்து மூன்று நாளாகிறது. என் வகுப்பில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த ஏழு பேரின் படங்களையும் போட்டு வாழ்த்து எழுதிவிட்டேன். அந்தப் பதிவுக்கு மாஷா அல்லாஹ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கு பறக்கத் செய்யட்டும்.

இது அந்தப் படத்தில் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றியது. சரியாகச் சொன்னால் என்னைப் பற்றியது. பிள்ளையின் உம்மாவிடம் கேட்டு, பெயர் போடாமல் எழுதுகிறேன்.

டிசம்பரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கட்டாரில் உலகக் கிண்ணம். முதல் சுற்று முடியும்வரை ஊர் பிரேசில் என்றும் ஆர்ஜென்டினா என்றும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நொக்அவுட் தொடங்கியதும் மூன்றாவது கட்சி ஒன்று வந்தது, மொரோக்கோ. 6ஆம் திகதி செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு ஸ்பெயினோடு ஆட்டம். இஷா தொழுதுவிட்டுக் கழகக் கட்டிடத்துக்குப் போனேன். சுவரில் வெள்ளைத் துணி, முன்னால் புரொஜெக்டர். கரண்ட் எந்த நேரமும் போகலாம் என்று பொடியன்மார் தங்கள் கியூஆர் பெற்றோலில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து ஜெனரேட்டருக்கு ஊற்றி வைத்திருந்தார்கள்.

120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயினுக்கு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டைப் போனோ தடுத்தார். கடைசியில் ஹக்கீமி பந்தை நடுவில் மெல்லத் தட்டிவிட்டபோது, வாழ்நாளில் ஒரு பந்தும் உதைத்திராத மீன்கடைக் காக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். கட்டாரில் வேலை செய்யும் மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரலில் சத்தம் மட்டும்தான் இருந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அந்த வாரம்தான் குளிரும் வந்தது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல். வளி கெட்டுப்போய்விட்டது என்று 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாட்டில் உள்ள அரசாங்கப் பாடசாலைகளை எல்லாம் மூடினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அன்றிரவே குரோஷியா பிரேசிலை வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் ஒழுங்கையில் பிரேசில் கொடி கட்டியிருந்தவர் சுபஹுக்கு முன்னரே ஏணி வைத்துக் கழற்றிவிட்டார். பள்ளிக்குப் போகிறவர்கள் பார்த்து விடுவார்கள் என்ற பயம்.

சனிக்கிழமை மொரோக்கோவும் போர்த்துக்கலும். மழை என்பதால் எல்லோரும் கட்டிடத்துக்குள்ளே, ஜன்னல்களும் சாத்திக் கிடந்தன. என் நெசிரி எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் அடித்த அந்தக் கோலுக்குக் கூரை பறந்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து ரொனால்டோ அழுதுகொண்டே போனார். பூஃபால் தன் உம்மாவோடு மைதானத்தில் ஆடினார். ஆபிரிக்காவிலிருந்து ஒரு நாடு அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. நாங்கள் பார்த்தோம், பிள்ளைகளும் பார்த்தார்கள். என் மாணவர்கள் நாலைந்து பேர் முன் வரிசையில் பாயில் இருந்தார்கள். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது இங்கே என்ன வேலை என்று கேட்க வாய் வரவில்லை. நானும் அங்கேதானே இருந்தேன்.

சத்தம் அடங்கும் நேரமெல்லாம் அந்த அறையில் கேட்டது இருமல்தான். “கொரோனா இல்லடா, மழைத் தடிமன்” என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிறு இரவு எனக்குத் தொண்டை நொந்தது. திங்கள் விடியும்போது காய்ச்சல், உடம்பெல்லாம் உளைச்சல். வீட்டில் சொன்னா, “லீவு போட்டுட்டுப் படுங்க. தலையத் தூக்கேலாம கிடக்கீங்க.”

நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, 18ஆம் திகதி, பரீட்சை. இந்தப் பிள்ளைகள் மூன்றாம் நாலாம் ஆண்டுகளைக் கொரோனாவில் தொலைத்தவர்கள். ஐந்தாம் ஆண்டில் பெற்றோல் இல்லையென்று வாரக்கணக்கில் ஸ்கூல் மூடப்பட்டது. இன்னும் ஐந்து நாள்தான் கையில். இது நான் வெளியில் சொன்ன காரணம்.

உள்ளே இருந்த காரணம் வேறு. சனிக்கிழமை இரவு நான் மெச் பார்த்ததை அரை ஊர் கண்டது. திங்கள் லீவு போட்டால், “சேர் மெச் பாத்துட்டுப் படுத்திட்டார், எங்கட புள்ளைகள் என்னத்துக்கு ஆகும்” என்று கதை வரும். அந்தக் கதைக்குப் பயந்தேன்.

பனடோல் இரண்டு குடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, சுகமாகிவிட்டது போல இருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். பின் வாங்கில் இருந்த பிள்ளைகள் “கேக்குதில்ல சேர்” என்றார்கள். கழற்றி மேசை இலாச்சிக்குள் வைத்தேன். அன்று முழுக்க மொடல் பேப்பர் திருத்தம். ஒவ்வொரு மேசையாகப் போய்க் கொப்பிக்கு மேலே குனிந்து விளங்கப்படுத்தினேன், இருமல் வந்தால் தோளுக்குள் இருமினேன். 36 பிள்ளைகள். செவ்வாயும் அப்படியே.

ஆசிரியர் கலாசாலையில் சுகாதாரப் பாடத்துக்குத் தொற்றுநோய் பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளி எடுத்தவன் நான். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது என்று அதில் எழுதியிருக்கிறேன். இந்தக் காய்ச்சல் குணம் காட்டுவதற்கு முந்திய நாளே தொற்றத் தொடங்கி ஒரு வாரம் வரைக்கும் தொற்றும் என்றும் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை ஐந்து பிள்ளைகள் வரவில்லை. வியாழன் பதினொரு பேர். முதல் வாங்கில் இருக்கும் அந்தப் பிள்ளை புதன் வந்தாள், இரண்டாம் பாடத்தில் மேசையில் தலையை வைத்துவிட்டாள். அன்று பின்னேரம் அவளுடைய உம்மா கோல் எடுத்தா.

“சேர், மகளுக்குக் காச்சல் நூத்தி ரெண்டு. டொக்டர்ட்ட காட்டின. ஊரெல்லாம் திரியிற காச்சல்தானாம். நீங்க காச்சலோடயும் வந்து படிப்பிச்சீங்கண்டு மகள் சொன்னாள். அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரணும் சேர்.”

ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். துஆவுக்கு என்ன பதில் சொல்வது? ஆமீன் என்றுகூட வாயில் வரவில்லை.

அன்று நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்குத்தான் மொரோக்கோவின் அரையிறுதி, பிரான்ஸோடு. கழகத்துக்குப் போகவில்லை. வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தனியே பார்த்தேன். பிரான்ஸ் அணியில் உபமெக்கானோவும் இல்லை, ரபியோவும் இல்லை. இரண்டு பேரும் முக்கியமான ஆட்கள். காய்ச்சல் என்று இறக்கவில்லை. உலகக் கிண்ண அரையிறுதி. ஊசியைப் போட்டு, மருந்தைக் கொடுத்து ஆட வைக்க வைத்தியர் கூட்டமே கூட இருக்கிறது. ஆனாலும் இறக்கவில்லை, வேறு இருவரை இறக்கினார்கள். பிரான்ஸ் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. மொரோக்கோ தோற்ற கவலையைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. நான் இல்லாவிட்டால் வகுப்பு விழுந்துவிடும் என்று நினைத்தேனே, பக்கத்து வகுப்பு டீச்சர் அந்த இரண்டு நாளும் என் பேப்பரை எடுத்துச் செய்திருக்க மாட்டாவா? கேட்டிருந்தால் செய்திருப்பா. நான் கேட்கவேயில்லை.

ஞாயிறு காலை பரீட்சை நிலைய வாசலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், அவளும் வந்தாள். சீருடைக்கு மேலே ஜெக்கட், கையில் சுடுதண்ணிப் போத்தல். “கண் எரியிது சேர்” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு இறுதியாட்டம். உபமெக்கானோவும் ரபியோவும் முதல் பதினொருவரில் இருந்தார்கள். ஆர்ஜென்டினா பெனால்டியில் வென்றது, ஊரில் வெடி கொளுத்தினார்கள். நான் அந்த நாலு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு நாள் படுத்து எழும்பியவர்களுக்கு இன்னொரு ஆட்டம் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் ஒரே ஒரு நாளைத்தான் கொடுத்திருக்கிறோம்.

அவள் வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவு.

காய்ச்சல் இல்லாவிட்டால் எடுத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்னிடமிருந்துதான் போனதா? அதையும் யாரும் நிரூபிக்க முடியாது, ஊரே இருமிக்கொண்டிருந்தது. ஆனால் திங்கட்கிழமை அவளுடைய கொப்பிக்கு மேலே குனிந்து இருமியது நான்.

முந்தநாள் அஸருக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கதைக்குப் பயந்து வந்ததையும் சேர்த்து. உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சொன்னா:

“புதன் விடியவே மகள்ட மேல் சூடாத்தான் கிடந்திச்சி சேர். ரெண்டு நாள்தானே இரிக்கிண்டு நான்தான் பனடோல் குடுத்து அனுப்பின. வாசிப்பம் எண்டால் அவள் எழும்ப மாட்டாள், ஸ்கூல் எண்டால் எழும்புவாள். அண்டைக்கு அவளுக்குப் பக்கத்தில இரிந்த புள்ளைக்கும் வந்திச்சாமே.”

இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “தேத்தண்ணிய குடிங்க, ஆறுது” என்றா. மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஆறாம் ஆண்டுக்கும் எங்கள் ஸ்கூல்தானாம்.

இதை எழுதுவது யாரையும் குற்றம் சொல்ல இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். காய்ச்சலோடு கடை திறக்கிறோம், காய்ச்சலோடு சப்பில் நிற்கிறோம், காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புகிறோம், அதற்கு உசார் என்று பெயரும் வைக்கிறோம். ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் கிண்ணம் கொடுக்கிறோம். கடந்த வருடம் அந்தக் கிண்ணத்தை வாங்க மேடைக்குப் பெயர் வாசித்ததும் நான்தான். நோயுள்ள ஒட்டகத்தைச் சுகமான ஒட்டகங்களோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனும் நான்தான்.

என் வகுப்பில் இனி இப்படி. காய்ச்சல் என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். அன்றைய பாடத்தை வட்ஸ்அப்பில் போடுவேன், போன் இல்லாத வீட்டுக்குப் பேப்பர் கொடுத்தனுப்புவேன். மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் தடிமன் காய்ச்சல் இல்லை, டெங்கும் இருக்கிறது. பனடோலைத் தவிர வேறு காய்ச்சல் குளிசை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நீடித்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு சேரோ டீச்சரோ சுகமில்லை என்று லீவு போட்டால் தயவுசெய்து கதை கட்டாதீர்கள். மெச் பார்த்தவருக்கும் காய்ச்சல் வரும்.

அந்தப் பிள்ளைக்காக ஒரு துஆ செய்யுங்கள். எனக்கும்.