கால்கட்டு

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு திருமணத்தை நடத்து" என்பது நம்மவர் பழமொழி. ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி நடத்துக என்பதே அதன் பழைய வடிவம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், மனநோயுற்ற மகனுக்கோ மகளுக்கோ வரன் தேடும் இல்லங்களில் பொய்யே ஆட்சி செய்கிறது. "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கை அதற்குத் துணை.

புனேயில் வாழும் நமக்கு இப்பொய் இன்னும் எளிது. ஊரில் விசாரிப்போர் இங்குள்ள அண்டை வீட்டாரை அறியார். ஆயின் மணமான பின் மாத்திரையை ஒளித்து உண்ண வேண்டும்; ஒளிக்க இயலாத நாளில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நோய் மீளக்கூடும். மருந்தென நினைத்த மணமே மருந்தைப் பறித்துவிடுகிறது. முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற இசைவை வஞ்சனையெனக் கொண்டு, அம்மணத்தை நீக்கவும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இடந்தருகிறது.

அங்ஙனமாயின் இவர்கட்கு இல்வாழ்வே ஆகாதா? ஆகும். சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர் தாராவும் உடன் ஆய்ந்தவரும், மனச்சிதைவுற்ற 76 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்டு 1997இல் எழுதினர். அவர்களுள் 70 விழுக்காட்டினர் மணமானவர். மணமாகாது நின்றோருள் ஆடவரும், மணவாழ்வு முறிந்தோருள் பெண்டிரும் மிகுதி. முறிவின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நோயின் பெயர் ஒன்றே மணவிலக்குக்குப் போதாது, அதன் கடுமையையே நோக்க வேண்டும் என உச்ச நீதிமன்றமும் 1988இல் தீர்ப்பளித்தது.

நாம் வாழும் இம்மண்ணிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. மராட்டியரான ஜகந்நாத் வாணி, கனடாவின் கால்கரியில் பேராசிரியராய் இருந்தவர். நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர். மனைவியின் மனச்சிதைவை அவர் மறைக்கவில்லை. அத்தகைய குடும்பங்களுக்கெனப் புனேயில் ஒரு சங்கம் கண்டார். 2004இல் வெளிவந்த 'தேவராயி' என்னும் மராத்தித் திரைப்படம் உருவாகவும் துணைநின்றார்.

சொல்பவர்க்குத் துணிவு வேண்டும். கேட்பவர்க்கு அடக்கம் வேண்டும். ஒருவர் நம்பிச் சொன்னதைப் பொங்கல் விழாப் பந்தியில் நாம் கிசுகிசுத்தால், அடுத்தவர் பொய்யையே நாடுவார். அந்த ஆயிரம் பொய்களில் பாதி நம் நாவில் பிறந்தவை. விழாவிற்கு அவர்களையும் அழைப்போம். பந்தியில் அருகே இடம் கொடுப்போம். உண்மை சொல்லி நிகழும் திருமணத்திற்குக் குடும்பத்தோடு சென்று வாழ்த்துவோம்.