திரும்பிப் பார்க்கும் பெண்

“கோப்ஹுக்கு இரண்டு டிக்கட்” என்று நான் கேட்டபோது, கார்க் நகரத்து ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுத்த பெண்மணி சிரிக்கவில்லை. அயர்லாந்துக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சிரித்தது என் அக்காதான்.

“‘கோவ்’ என்று சொல்லணும், ஏட்டி. இங்கே எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று” என்றாள்.

அக்கா கார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே போய் எட்டு வருஷமாகிறது. பத்திரிகை வேலையாக லண்டன் வரை போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததும், பாளையங்கோட்டையிலிருந்து அம்மா ஒரு டப்பா முறுக்கும் ஒரு கேள்வியும் கொடுத்தனுப்பினாள். முறுக்கை வந்த அன்றே ஒப்படைத்துவிட்டேன். கேள்விதான் மூன்று நாளாகத் தொண்டையில் நின்றது. “ஊரோடு எப்போ வந்து சேருவாளாம்? முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வா” என்பது அம்மாவின் உத்தரவு.

அன்று அக்காவுக்கு விடுமுறை. ஊர் சுற்றும் சாக்கில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அவள் அழைத்துப் போகிற ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சுமார் இருபத்தைந்து நிமிஷப் பிரயாணம். ரயில் தண்ணீரைத் தாண்டித் தீவுக்குள் நுழைகிறது. இறங்கினால் எதிரே துறைமுகம்; பின்னால் செங்குத்தான மேடு. மேட்டின் மேல் புனித கோல்மன் தேவாலயம். 1868-ல் கட்ட ஆரம்பித்து 1919-ல் முடித்தார்களாம். நம் ஊரில் பாலம் கட்டுகிறவர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கும்! அதன் கோபுரத்தில் 49 மணிகள். சரிவில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கின்றன. ‘சீட்டுக்கட்டு’ என்றே அவற்றுக்குப் பெயர். கீழ் வீடு விழுந்தால் எல்லாம் விழும் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள்.

1849-ல் விக்டோரியா மகாராணி இங்கே வந்து இறங்கினாள் என்பதற்காக ஊரின் பெயரையே ‘குவீன்ஸ்டவுன்’ என்று மாற்றினார்கள். அயர்லாந்து சுதந்திரம் பெறும் சமயத்தில் ராணியின் பெயர் போய், பழைய பெயர் ஐரிஷ் எழுத்தில் திரும்பி வந்தது. மகாராணி வந்து இறங்கினாள். ஆனால் இந்த ஊரின் கதை வந்தவர்களுடைய கதை அல்ல, போனவர்களுடைய கதை.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் கப்பல் ஏறுவது நிற்கவில்லை. 1848 முதல் 1950 வரை அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் அறுபது லட்சம் பேர் என்றும், அவர்களில் இருபத்தைந்து லட்சம் பேர் இந்தச் சிறிய துறையிலிருந்து போனார்கள் என்றும் ரயில் நிலையக் கட்டடத்திலேயே உள்ள கண்காட்சியில் கணக்குச் சொல்கிறார்கள்.

வெளியே கடலோரமாக ஒரு வெண்கலச் சிலை. பெயர் ஆனி மூர். இரண்டு தம்பிகளுடன் நிற்கிறாள். தம்பிகளில் ஒருவன் உற்சாகமாகக் கடலைச் சுட்டிக் காட்டுகிறான். அக்காக்காரியோ திரும்பிக் கரையைப் பார்க்கிறாள்.

இவர்களுடைய தாய் தந்தையர் முன்னாலேயே அமெரிக்கா போய்விட்டவர்கள். 1891 டிசம்பரில் பதினேழு வயதுப் பெண் தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ‘நெவாடா’ கப்பலில் புறப்பட்டாள். 1892 ஜனவரி முதல் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது, முதல் ஆளாகப் பதிவானவள் அவளே. பத்து டாலர் தங்க நாணயம் பரிசு கொடுத்தார்கள்.

அப்புறம்? வெகு காலம் வரை, அவள் டெக்ஸாஸ் பக்கம் போய் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அது வேறொரு ஆனி மூர் என்று 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற எனக்கு இது சுருக்கென்று தைத்தது. உண்மையான ஆனி நியூயார்க்கின் ஏழைப் பேட்டையிலேயே குடித்தனம் செய்தாள். பல குழந்தைகளைப் பெற்று, பாதிக்கு மேல் பறிகொடுத்தாள். 1924-ல் இறந்தாள். 2008 வரை கல்லறையில் பெயர்கூட இல்லை.

“எல்லோரும் அவள் பார்வையைப் பற்றியே பேசுவார்கள். நான் அந்தப் பயலைத்தான் பார்ப்பேன்” என்றாள் அக்கா. அவள் அடிக்கடி இங்கே வருகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பழைய கப்பல் கம்பெனி ஆபீசுக்குள் ஓடினோம். டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று ஆள் ஏற்றியது இந்தத் துறையில்தான்: 1912 ஏப்ரல் 11. ஏறியவர்கள் 123 பேர். நுழைவுச் சீட்டாக அவர்களில் ஒருவருடைய பெயர் போட்ட அட்டை தருகிறார்கள். கடைசி அறையில்தான் அவர் பிழைத்தாரா என்று தெரியும். அக்காவின் அட்டைக்காரி பிழைத்தாள். என்னுடையவள் இல்லை. அட்டையைக் குப்பையில் போட மனம் வராமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பின்புறம் அந்தப் பழைய படகுத்துறையின் மரத் தூண்கள் உளுத்துப்போய் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. மழை விட்டதும், வறுத்த மீனையும் உருளைக்கிழங்கையும் வாங்கிக்கொண்டு அங்கே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“அந்தக் காலத்தில் அமெரிக்கா போகிறவர்களுக்கு முந்தின ராத்திரி சாவு வீடு மாதிரியே நடத்துவார்களாம், தெரியுமா?” என்றாள் அக்கா. “ஊரே கூடி விடிய விடியப் பாட்டு, ஆட்டம்; நடுவிலே ஒப்பாரி. இனிமேல் முகம் பார்க்கப் போவதில்லையே!”

கொஞ்ச நேரம் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கிளம்பின ராத்திரி நினைவிருக்கா? அம்மா பதினொரு மணி வரைக்கும் தோசை சுட்டுக்கொண்டே இருந்தாள். யாருமே சாப்பிடவில்லை. அடுக்கடுக்காகச் சுட்டு வைத்தாள்.”

எனக்கு நினைவிருந்தது. மறுநாள் நானும் அப்பாவும் மூன்று வேளையும் அந்தத் தோசையைத்தான் தின்றோம்.

“அம்மா என்ன கேட்கச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்” என்றாள் திடீரென்று. “இங்கே வீடு வாங்க முன்பணம் கட்டிவிட்டேன். நீ சொல்ல வேண்டாம். டிசம்பரில் லீவு போட்டு வருகிறேன். நானே அடுப்படியில் உட்கார்ந்து சொல்கிறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் ஒரு கடற்காகம் பாய்ந்து என் மீன் துண்டைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

திரும்பும் ரயிலில் டெலிபோன் அடித்தது. அம்மா! பாளையங்கோட்டையில் அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். திரையில் முகம் வந்ததும் என்னைத்தான் பார்த்தாள். கேட்டாயா என்று கண்ணால் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா டெலிபோனை வாங்கிக்கொண்டாள்.

“இன்னும் தூங்கலையா அம்மா?”

“தூக்கம் வரலை. முறுக்கு நமுத்துப் போகாமல் இருந்ததா, தாயி?”

“மொறுமொறு என்று இருக்கிறது அம்மா. தினம் இரண்டுதான் எடுக்கிறேன்” என்றாள் அக்கா.