திகைப்பு என்னும் சொல்

மனம் தடுமாறி நிற்பதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கலக்கம், குழப்பம், மலைப்பு, மருட்சி, பிரமிப்பு, திகைப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றியபோது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை ஒரு பகுதியிலும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களை வேறொரு பகுதியிலும் தொகுத்தார். நாமோ இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, எல்லாம் ஒன்றே எனக் கருதிக் கைக்கு வந்த சொல்லை எழுதிவிடுகிறோம்.

ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு காட்சி உறைந்திருக்கிறது. கலங்குவது நீர், அடியில் கிடந்த சேறு மேலே எழுகிறது. மருள்வது மான். மலைப்பவன் முன்னே மலை நிற்கிறது. பிரமிப்பு வடமொழிவழி வந்தது. சுழலுதல் அதன் அடிப்பொருள்.

திகைப்பின் காட்சி யாது? திகை என்றால் திசை என்ற பொருளும் உண்டு. ஆகவே திகைப்பைத் திசை இழந்த நிலையாகவே காண மனம் விழைகிறது. திகைப்பூண்டு என்று ஒரு செடியைப் பற்றி நம் முன்னோர் சொல்வார்கள். காட்டில் அறியாமல் அதை மிதித்தவன், வழி மறந்து ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவானாம். அச்செடியைத் தேடித் தாவரவியலாரிடம் போக வேண்டாம். கண் தெரிகிறது, கால் நடக்கிறது, அறிவும் இருக்கிறது. எப்பக்கம் போவது என்பது மட்டும் மறைந்துவிடுகிறது. இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியில் கிடைக்கும்?

நெல்லை, குமரிப் பகுதிகளில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்றும் உண்டு. பேரம் முடிந்தால் 'விலை திகைந்தது' என்பார்கள். வரன் முடிவானால் 'கல்யாணம் திகைந்தது.' திகைத்தது, திகைந்தது - ஓர் ஒற்றெழுத்துதான் வேறுபாடு. ஒன்று வழி மறைந்த நிலை. மற்றொன்று வழி முடிவான நிலை. வடமாவட்டத்து உறவினர் இதைக் கேட்டுத் திகைப்பது தனிக்கதை!

இவ்விரண்டும் ஒரே முற்றத்தில் சந்தித்ததை நான் கண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் திடீரென இறந்துபோனார். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் திகைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மனைவி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அடுப்படிக்குச் சென்று பால் பொங்குகிறதா என்று பார்த்தார். மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றார். "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, கல்மனசு!" என்று முணுமுணுப்பு எழுந்தது. "மூளை குழம்பிப்போச்சு, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார் இன்னொருவர். என் தாயார் மட்டும், "அவ திகைச்சுப்போய் நிக்கா. யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

கல்மனம் என்பது குற்றச்சாட்டு. குழப்பம் என்பது நோய். அவ்விரண்டிலிருந்தும் அந்தப் பெண்ணை அச்சொல் ஒரு நொடியில் மீட்டுக்கொண்டது. தாயார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆறுதல் மொழி எதுவும் பேசவில்லை. அடுத்துச் செய்ய வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார்: இந்தத் தண்ணீரைக் குடி; சேலையை மாற்று; தம்பிக்குத் தந்தி கொடுக்க வேண்டும், விலாசம் சொல். கதவு எண் முதல் அஞ்சல் எண் வரை ஒரு பிழையின்றிச் சொன்னார் அவர். குழம்பியவரால் அது இயலுமா? மாலையில் அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோது, கணவரின் செருப்பு வாசலில் கிடந்தது. அதைக் கண்டபின்தான் அழுதார்.

இன்று செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'அதிர்ச்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. தங்கம் விலை ஏறினாலும் அதிர்ச்சி. தலைவர் மறைந்தாலும் அதிர்ச்சி. அதிர்வது ஒரு கணம். அதன்பின் நாள்கணக்கில் நீள்வது திகைப்பு. அதற்குரிய பெயரை நாம் விட்டுவிட்டால், அழாமல் வாசலில் நிற்பவரை வேறு எப்பெயரிட்டு அழைப்போம்?

அந்த மகளின் கல்யாணம் ஓராண்டு தள்ளி நடந்தது. நாள் திகைந்த அன்றே தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து, முதன்முதலில் என் அம்மாவிடம்தான் சொன்னார்.