சொல்லத் தயங்கிய சொல்



பள்ளிச் செய்திகளும் இலக்கணக் குறிப்புகளும் எழுதி வந்த நான், இன்று என் உடலைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

அப்போது எனக்கு வயது 32. குருபோங்கில் வீடு வாங்கிக் குடியேறி ஓராண்டு ஆகியிருந்தது. மகளுக்கு 3 வயது. மகன் தவழும் குழந்தை. ஒருநாள் குளிக்கையில் இடது விரையில் கல்போன்ற கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று தேற்றிக் கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். ஆகுபெயரும் ஒருபொருட்பன்மொழியும் கற்பிக்கும் எனக்கு, அவ்வுறுப்பின் பெயரை மனைவியிடம் சொல்ல நா எழவில்லை.

முதுகு வலிக்கத் தொடங்கிய பின்னரே வாய் திறந்தேன். "இதைச் சொல்றதுக்கு நாலு மாசமாங்க?" என்றாள் அவள். அதற்கு என்னிடம் விடையில்லை.

விரைப் புற்றுநோய் வயிற்றின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. விரையை அகற்றினார்கள். பின்னர் 21 நாள்களுக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று கீமோதெரபி. மருந்து ஏற்றும் முன்பே, மேலும் பிள்ளைகள் வேண்டுமெனில் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று மருத்துவர் கூறினார். இளம் தந்தையர் மறவாமல் கேட்க வேண்டிய செய்தி இது.

அம்மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். 1965இல் பார்னெட் ரோசன்பர்க், மின்சாரத்தின் விளைவை நுண்ணுயிர்களிடம் ஆராய்ந்தபோது, பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த பொருளே அவை பெருகுவதைத் தடுக்கிறது என்று கண்டார். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதனை வேறு மருந்துகளோடு சேர்த்து விரைப் புற்றுக்குக் கொடுத்தார். இன்று இந்நோய் பரவிய பின்னும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங்குக்கு இதே இனத்தைச் சேர்ந்த கட்டி நுரையீரல்களுக்கு இடையில் வந்தது. ஐன்ஹார்னின் மேற்பார்வையில் சிகிச்சை பெற்று, 2012 செப்டம்பரில் அவர் மீண்டும் களம் இறங்கினார்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் அந்த ஒன்பது வாரங்கள் எளிதாக இருக்கவில்லை. குமட்டலில் ரசம்கூட உள்ளே தங்கவில்லை. காதில் ஓயாத இரைச்சல். மகனைத் தூக்கவும் வலுவில்லை. சளி பிடித்த நாள்களில் அவனை அம்மா வேறு அறைக்குக் கொண்டு சென்றுவிடுவார்; கதவுக்கு அப்பால் அவன் அழும் குரலைக் கேட்டபடி படுத்திருப்பேன்.

தலைமுடி கொட்டியபோது மகள் என் தலையைத் தடவினாள். "அப்பா, எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்க?" என்றாள். "முருகன் கோயில்ல" என்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெட்கத்தால் ஒருமுறை மறைத்தவன், அச்சத்தால் மறுமுறையும் மறைக்கிறேனே என்று நெஞ்சு உறுத்தியது. காலையில் அவளை மடியில் அமர்த்தி, "அப்பாவுக்கு உடம்புக்குள்ள ஒரு கட்டி. அதைக் கரைக்கிற மருந்துதான் முடியைக் கொட்ட வைக்குது," என்றேன். "அப்ப முடி திரும்ப வருமா?" "வரும்மா." அவ்வளவுதான், விளையாடப் போய்விட்டாள். நான்கு மாதங்கள் என்னால் சொல்ல இயலாததை அக்குழந்தை நான்கு நொடிகளில் ஏற்றுக் கொண்டாள்.

இன்று நலமாக இருக்கிறேன், வகுப்புக்கும் செல்கிறேன். உங்களிடம் வேண்டுவன மூன்று. ஆண் குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை கீழே இறங்கவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுங்கள். அக்குறை பிற்காலத்தில் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். வளரும் மகனுக்கு உடலின் எல்லா உறுப்புகளின் பெயரையும் கூச்சமின்றிக் கற்பியுங்கள். வலியில்லாத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

பெயர் தெரிந்த பிள்ளை வாய் திறந்து சொல்லும், சொன்னால் பிழைக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்