அலெக்சாந்திரியாவின் அணைந்த விளக்கு

அலெக்சாந்திரியாவின் கடலே, உன் கரையில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நின்ற விளக்கு எங்கே?

பாரோஸ் என்னும் சிறு தீவில், கி.மு. 280 அளவில், இரண்டாம் தாலமி மன்னனின் நாளில் முடிந்த கோபுரம் அது. அடி சதுரம், இடை எண்கோணம், முடி வட்டம். நூறு மீட்டருக்கு மேல் ஓங்கி உச்சியில் தீ ஏந்திற்று. எகிப்தின் அந்தக் கரை தாழ்ந்த கரை. மலையில்லை, அடையாளம் சொல்லக் குன்றில்லை. பாறைகளோ நீருக்குள் பதுங்கியவை. திசை மயங்கிய மாலுமிக்கு அந்த ஒற்றைச் சுடரே நிலம்.

அதைக் கட்டிய சோஸ்திராத்தஸ் என்பவன் தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன்மேல் சுண்ணம் பூசி, சுண்ணத்தில் அரசன் பெயரை எழுதினான் என்பது பழங்கதை. சுண்ணம் உதிரும், தன் பெயர் நிற்கும் என்று நம்பினான் போலும். ஐயோ, அந்தக் கல்லும் நிற்கவில்லையே!

நமக்கு அது அயலார் விளக்கன்று. சேரர் துறையான முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தின் முதுகில் பாலை கடந்து, நைல் ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியா சேர்ந்தது. முசிறி வணிகத்துக்கு எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று, பாப்பிரஸ் தாளில், இன்றும் வியன்னாவில் இருக்கிறது. ரோமுக்குக் கப்பலேறிய நம் மிளகை வழியனுப்பிய ஒளியே, உன்னையா இழந்தோம்!

கி.பி. 956இல் நிலம் நடுங்கிற்று. 1303இல் மேலும் கொடிதாய் நடுங்கிற்று. 1326இல் வந்த பயணி இபன் பதூதா, ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டும் உள்ளே சென்று பார்த்தார். 1349இல் மீண்டும் வந்தபோது வாயிலை அணுகவும் வழியில்லை. இருபத்துமூன்றே ஆண்டு! மைந்தனாய்ப் பார்த்த வீட்டுக்கு முதியவனாய்த் திரும்பும் இடைவெளிகூட இல்லை. 1477இல் சுல்தான் காயித்பே அவ்விடத்தே கோட்டை எழுப்பினார். கப்பலை வாவென்று அழைத்த கல், வராதே என்று தடுக்கும் மதிலாயிற்று. சாய்ந்ததினும் எனக்கு இதுவே பெருந்துயர்.

எஞ்சியதைக் காண விரும்புவோர் கெய்ரோவின் ராம்சேஸ் நிலையத்தில் ரயிலேறுக. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். அலெக்சாந்திரியாவில் இறங்கி, வாடகைக் காரில் கடற்கரைச் சாலையோடு முனை வரை போனால் கோட்டை. அங்குள்ள செந்நிறக் கிரானைட் தூண்கள் கோபுரத்தின் எச்சம் என்பர். கைவைத்துப் பாருங்கள்: செம்மணிகளுக்கிடையே கரும்புள்ளிகள், விரலில் உப்பு ஒட்டும். கோபுரத்தின் வடிவம் காண வேண்டுமாயின் மேற்கே 45 கிலோமீட்டர் அளவில் அபூசிர் என்னும் ஊருக்குச் செல்லுங்கள். அதன் சாயலில் கட்டிய சிறு கல்லறைக் கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது.

கோட்டையடியில் கடலுக்குள் ஆயிரக்கணக்கான கற்கள் கிடப்பதை 1994 முதல் எம்பரர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் குழு மூழ்கிக் கண்டது. 2025இல் இருபத்திரண்டு பெருங்கற்களை நீரிலிருந்து தூக்கினர். வாயிலின் நிலைக்கற்கள், மேற்கல், படிக்கல். எழுபது எண்பது டன் எடை உள்ளவையும் அவற்றுள் உண்டு. நீர் சொட்டச் சொட்ட வாயில் வெளியே வந்தது. நுழைந்து ஏறக் கோபுரம் இல்லை.