அலாஃபியா எங்கிருந்து வந்தது?

போன வருஷம் எங்கட வாசிப்பு வட்டத்துக்குத் தோழி ஒருத்தி தன்ர சிறுகதையைக் கொண்டு வந்தாள். அதில வாற உம்மம்மா, "ஆஃபியத்தா இருக்கிறியா மகள்?" என்று கேட்பார். நாங்கள் அந்தச் சொல்லை வட்டம் போட்டு, "இது தமிழில்லையே, 'சுகமா' என்று மாத்தலாமே" என்றோம். மாத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை.

அண்மையில் நைஜீரியாவின் யொரூபா மொழிப் படமொன்றைச் சேர்ந்திருந்து பார்த்தோம். அதில் ஒருவர் மற்றவரிடம் "ஷே அலாஃபியா நி?" என்று நலம் விசாரிக்கிறார். "இது எங்கட சொல்லெல்லே!" என்றாள் அவள்.

தேடிப் பார்த்தோம். உண்மைதான், இரண்டும் ஒரு வேர். அரபியில் 'அல்-ஆஃபியா' என்றால் நலம், நோய்நொடி இல்லாமை. சகாராவைக் கடந்த வணிகத்தோடும் இஸ்லாத்தோடும் அது மேற்கு ஆபிரிக்காவுக்குப் போனது. ஹவுசா மொழியில் 'லாஃபியா' ஆனது. யொரூபாவில் முன்னால் இருந்த 'அல்' சொல்லோடயே ஒட்டி, 'அலாஃபியா' ஆகிவிட்டது. வெங்காயத்தின் கதையும் இதுதான்: அரபியில் 'அல்-பஸல்', ஹவுசாவில் 'அல்பஸா', யொரூபாவில் 'அலுபொசா'. இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்பது யொரூபா நாக்குக்குச் சரிவராது, அதனால் நடுவில ஒரு 'உ'.

ஆனால் அந்தச் சொல் முஸ்லிம்களோடு மட்டும் நிற்கவில்லை. 1821இல் சிறுவனாக அடிமையாய்ப் பிடிபட்டு, அடுத்த வருஷம் விடுவிக்கப்பட்டவர் சாமுவேல் அஜாயி குரோதர். பின்னாளில் அவர் முன்னின்று தொடங்கிய யொரூபா வேதாகமம் 1884இல் முழுமையாக வந்தது. அதிலும் 'சமாதானம்' என்ற இடத்தில் அலாஃபியாதான். விடுதலை கிடைக்காமல் கியூபாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களும் அதைக் கொண்டு போனார்கள். அங்கே ஒரிஷா வழிபாட்டில் நான்கு தேங்காய்த் துண்டுகளைப் போட்டுக் குறி கேட்பார்கள். நான்கும் வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தால், அந்த விடையின் பெயர் 'அலாஃபியா'.

பள்ளிவாசலோடு வந்த சொல் தேவாலயத்துக்குள்ளும் போய், கடல் கடந்து ஒரிஷாக்களின் முன்னாலும் நிற்கிறது. யொரூபாக்காரர் அதை அந்நியச் சொல் என்று தள்ளவில்லை. நாங்கள் எங்கட பக்கத்து வீட்டுச் சொல்லையே வெட்டியிருக்கிறோம்.

கதையில் அந்தச் சொல்லைத் திரும்பப் போடச் சொல்லி அவளிடம் கேட்டோம். சிரித்தாள். "சரி. ஆனா நீங்க மாத்தச் சொன்ன 'சுகம்' சமஸ்கிருதத்தில இருந்து வந்தது, தெரியுமோ?"

எங்களிடம் பதில் இல்லை. உம்மம்மா இப்ப பழையபடி "ஆஃபியத்தா இருக்கிறியா?" என்றே கேட்கிறார்.